கூலியில் பாதி பனி

அமெரிக்க மேற்கின் மலையூர்களில் ஸ்கீ கடைகளின் கதவில் ஒரு பழைய அறிவிப்பைப் பார்க்கலாம். ராத்திரி ஆறு அங்குலத்துக்கு மேல் பனி விழுந்தால் கடை மதியம்தான் திறக்கும். ஊருக்கு ஊர் அளவு மாறும். சில இடத்தில் எட்டு, சில இடத்தில் பத்து. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சிரித்துவிட்டு அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். உள்ளே மணிக்கூலிக்கு நிற்கிற பையனுக்கு அது ஜோக் இல்லை. அவனுடைய சம்பளத்தில் ஒரு பகுதி டாலராக வருகிறது, மறுபகுதி வானத்திலிருந்து விழுகிறது. இந்த இரண்டாவது பகுதி எப்போது கூலியாக மாறியது, அதை யார் கொடுத்தார்கள், பிறகு அது எங்கே போனது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் அந்தப் பனியைப் பற்றி. தமிழில் மார்கழிப் புல்லின் மேல் இருப்பதும் பனிதான், இமயத்தின் உச்சியில் கிடப்பதும் பனிதான். ஸ்கீ ஊர்க்காரர்களுக்கு இந்தத் தாராளம் கட்டுப்படியாகாது. உருகி உறைந்தது வேறு, காற்று இறுக்கியது வேறு, வெயிலில் சோளமணி மாதிரி ஆனது வேறு. எல்லாவற்றுக்கும் மேலே பவுடர். கடுங்குளிரில், காற்றில்லாமல், புதிதாக விழுந்து கிடக்கும் பனி. கையில் அள்ளி உருண்டை பிடித்தால் நிற்காது, கோலமாவு மாதிரி உதிரும். யூட்டா மாநிலத்தின் ஆல்டாவில் விழும் பனியைப் பத்து அங்குலம் எடுத்து உருக்கினால் சராசரியாக ஒரு அங்குலத் தண்ணீர்கூடத் தேறாது. மீதி எல்லாம் காற்று. அதில் இறங்கும்போது தரை தட்டுவதில்லை, சத்தமும் இல்லை. அந்த மாநிலம் தன் பனிதான் பூமியிலேயே பெரியது என்று ஒரு சர்க்கஸ் கம்பெனியின் வாசகத்தைக் கொஞ்சம் மாற்றி வண்டி நம்பர் பிளேட்டில் போட்டுக்கொண்டது. கம்பெனி கேஸ் போட்டது. யூட்டா ஜெயித்தது. பனியைப் பற்றி அங்கே அவ்வளவு கர்வம்.

இந்தக் கர்வத்துக்கு முன்பாக ஒரு ரயில் கம்பெனி இருக்கிறது. 1930களின் பொருளாதார மந்தத்தில் ரயில் பெட்டிகள் காலியாக ஓடின. யூனியன் பசிஃபிக் ரயில்வேயின் தலைவர் ஆவரெல் ஹாரிமன், குளிர்காலத்தில் பணக்காரர்கள் ரயிலேற ஒரு காரணம் வேண்டுமே என்று யோசித்தார். இடம் தேட ஆஸ்திரியப் பிரபு ஒருவரை அனுப்பினார். இடாஹோவில் சுரங்கம் வற்றிப்போன கெட்சம் என்கிற சிற்றூரின் பக்கத்தில் 1936 டிசம்பரில் சன் வேலி திறந்தது. ஆட்களை மலையேற்ற ஒரு கருவி தேவைப்பட்டது. கம்பெனி பொறியாளர் ஜேம்ஸ் கரன் முன்பு கப்பல்களில் வாழைத்தார் ஏற்றும் இயந்திரங்களோடு வேலை செய்தவர். தார் தொங்குகிற கொக்கிக்குப் பதிலாக நாற்காலியைத் தொங்கவிட்டார். உலகின் முதல் சேர்லிஃப்ட் அப்படித்தான் பிறந்தது. இன்றைக்கும் லிஃப்டில் ஏறும்போது பின்னாலிருந்து நாற்காலி வந்து முழங்காலை வாரி எடுத்துக்கொண்டு போவதில் ஒரு தார்த்தனம் இருக்கத்தான் செய்கிறது.

சேர்லிஃப்ட் வந்ததும் வேலைக்காரர்கள் வந்தார்கள். பனியில் விளையாட வருகிறவனுக்குச் சமைக்க, படுக்கை விரிக்க, பூட்ஸ் மாட்டிவிட, ஸ்கீயைத் தீட்டிக் கொடுக்க ஆள் வேண்டும். நாலைந்து மாதம்தான் வேலை. ஏப்ரலில் எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள். இப்படிப்பட்ட வேலைக்கு நல்ல சம்பளம் கொடுக்காமல் ஆள் பிடிப்பது எப்படி?

பதில் ஒரு பார்க்கிங் இடத்திலிருந்து வந்தது. 1946-47 குளிர்காலத்தில், கடற்படையிலிருந்து வெளியே வந்த வாரன் மில்லர் என்கிற கலிஃபோர்னியா இளைஞர், நண்பர் வார்ட் பேக்கரோடு சன் வேலியின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு குட்டி டிரெய்லரில் குடியிருந்தார். முயல் சுட்டுச் சாப்பிட்டார்கள். உணவகத்தில் இலவசமாகக் கிடைத்த வெந்நீரில் கெட்சப்பைக் கரைத்து தக்காளி சூப் என்று குடித்தார்கள். பகலெல்லாம் ஸ்கீ. கையில் ஒரு 8 மில்லிமீட்டர் கேமரா. மில்லரின் முதல் படம் 1950இல் வந்தது. அதன்பிறகு பல பத்தாண்டுகளுக்கு, வருஷம் ஒரு ஸ்கீ படம். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் ஊர் ஊராக அரங்கு நிறையும். பார்த்துவிட்டு வந்தவன் வேலையை விட்டுவிட்டு மலைக்கு வண்டியேறுவான்.

'ஸ்கீ பம்' என்கிற சொல்லுக்கு முகம் கிடைத்தது இவரால்தான் என்று சொல்லலாம். பம் என்றால் வேலைவெட்டி இல்லாமல் திரிகிறவன். உண்மையில் இவர்கள் வேலைவெட்டி இல்லாதவர்கள் அல்ல. இரண்டு மூன்று வேலை பார்த்தவர்கள். காலையில் லிஃப்ட், சாயங்காலம் வாடகைக் கடை, ராத்திரி உணவகத்தில் பாத்திரம். மில்லரின் நகைச்சுவை எனக்குப் பிடிக்கும், படங்களும் பிடிக்கும். ஆனால் கெட்சப் சூப் கதை முதலாளிகளுக்குச் செய்த உதவியை வேறு எந்த விளம்பரமும் செய்யவில்லை. ஏழ்மையை அது ஒரு சுவாரசியமான தேர்வாக மாற்றிக் கொடுத்தது. சம்பளம் குறைவு என்று முணுமுணுத்தால், 'நீ எதுக்கு இங்க வந்த? பனிக்குத்தானே?' என்று கேட்டுவிடலாம். இந்தக் கேள்விக்கு எண்பது வருஷமாக யாருக்கும் சரியான பதில் கிடைக்கவில்லை.

சட்டமும் இதற்குத் தோதாக இருந்தது. அமெரிக்காவின் 1938ஆம் வருடத்துக் கூலிச் சட்டத்தில் பின்னாளில் ஒரு விலக்கு சேர்ந்தது. வருஷத்தில் சில மாதங்கள் மட்டும் இயங்கும் பொழுதுபோக்கு நிறுவனங்களுக்கு ஓவர்டைம் கட்டாயமில்லை. தேசிய வனங்களுக்குள் ஒப்பந்தத்தில் தொழில் நடத்தும் கம்பெனிகளுக்கு அந்த விலக்கு முழுதாகக் கிடையாது என்று சொல்லிவிட்டு, ஸ்கீ தொழிலை மட்டும் பெயர் சொல்லிக் காப்பாற்றிவிட்டார்கள். பெரிய மலைகளில் பல இருப்பது அரசாங்க வனத்தில்தான்.

இனி ஆல்டா. பனியே கூலி என்கிற ஏற்பாடு வேறெங்கும் இவ்வளவு நேர்மையாக நடந்ததில்லை.

ஆல்டா 1870களில் வெள்ளி தோண்டிய ஊர். சுரங்கத்துக்காகவும் வீட்டுக்காகவும் மலைச்சரிவின் மரங்களை வெட்டித் தள்ளினார்கள். பிடித்து நிறுத்த மரமில்லாத சரிவுகளிலிருந்து பனி இறங்கி, தோண்ட வந்தவர்களைக் கொன்றது. வெள்ளி விலை விழுந்ததும் ஊர் காலியானது. தன்னைத்தானே மேயர் என்று சொல்லிக்கொண்ட ஜார்ஜ் வாட்சன் மட்டும் மிஞ்சினார். வரி கட்ட முடியாத சுரங்க நிலங்களின் மேற்பரப்பை அவர் வனத்துறைக்கு எழுதிக் கொடுத்தார். வனத்துறை, நார்வேயில் பிறந்த ஸ்கீ வீரர் ஆல்ஃப் எங்கனை அனுப்பி இடம் பார்த்தது. பழைய சுரங்கத்தின் கம்பிவடத் தூண்களையும் பாகங்களையும் வைத்து ஒரு லிஃப்ட் கட்டினார்கள். 1939 ஜனவரியில் அது ஓடத் தொடங்கியது. நாள் டிக்கெட் ஒன்றரை டாலர்.

மேலே லாட்ஜ்கள் வந்தன. பாத்திரம் தேய்க்கவும் பரிமாறவும் வந்த பிள்ளைகளுக்குப் படுக்கை, சாப்பாடு, சீசன் பாஸ், அதோடு கொஞ்சம் காசு. ஒளிவு மறைவில்லாத பண்டமாற்று. அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு அனுகூலமும் இருந்தது. பனிச்சரிவு அபாயம் வந்தால் கீழிருந்து வரும் ஒரே ரோட்டை மூடிவிடுவார்கள். போரிலிருந்து திரும்பிய மான்டி அட்வாட்டர் 1940களில் இங்கேதான் வனத்துறைக்காகப் பனிச்சரிவு ஆராய்ச்சியைத் தொடங்கி, வெடிகுண்டு வைத்தும் ராணுவப் பீரங்கியால் சுட்டும் பனியை முன்கூட்டியே இறக்கிவிடும் முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பனியை இறக்கிவிடும் நேரத்தில் வீட்டைவிட்டு வெளியே கால் வைப்பதே குற்றம். 2021 பிப்ரவரியில் 60 மணி நேரம் ஊரே இப்படி அடைபட்டுக் கிடந்தது. தடை நீங்கி, ரோடு மட்டும் இன்னும் மூடியிருக்கிற காலைகளில் மலை முழுக்க உள்ளே இருப்பவர்களுக்குத்தான். பணம் கொடுத்து டிக்கெட் வாங்குகிறவன் கீழே சால்ட் லேக்கில் காரில் காத்திருப்பான். பாத்திரம் தேய்க்கிறவன் மேலே, ஒரு கோடு விழாத சரிவில். இந்த மாதிரி ஒரு காலை கிடைத்தால் மனுஷன் அதை வைத்தே நாலு வருஷம் ஓட்டிவிடுவான்.

இந்த அனுபவத்தைத் தத்துவமாகவே எழுதியவர் டொலோரஸ் லாசப்பெல். அவருடைய கணவர் எட் லாசப்பெல் ஆல்டாவில் பனிச்சரிவு விஞ்ஞானியாக இருந்தவர். பவுடரில் இறங்குவது மலையை வெல்வது அல்ல, புவியீர்ப்பும் பனியும் சொல்வதைக் கேட்பது என்கிற திசையில் அவர் எழுத்து போகும். 1993இல் ஆழ்ந்த பவுடர் பற்றியே ஒரு நூல் எழுதினார். சூழலியல் சிந்தனையாளர்களிடம் அவருக்குத் தனி மதிப்பு உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கூலியில் பாதியாகப் பனியை வாங்கிக்கொண்டவர்கள் ஏமாந்தவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அவர்கள் வாங்கியது நிஜமாகவே விலைமதிப்புள்ள ஒன்று.

சரி, மேசைக்கு வருவோம். கடையின் பின்கட்டில் இருக்கும் பட்டறை மேசை. ஸ்கீயின் அடிப்பரப்பு ஒருவகை பாலிஎத்திலீன். கல்லில் உரசிப் பள்ளம் விழுந்தால் அதே பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தி மாதிரி கொளுத்திச் சொட்டுவிட்டு அடைப்பார்கள். ஓரத்தில் இரும்பு விளிம்பு ஓடும். அதைச் சாணை பிடித்து, அரம் போட்டு, வைரக்கல்லால் தேய்த்துக் கூராக்க வேண்டும். பிறகு இஸ்திரிப்பெட்டி போன்ற ஒன்றில் மெழுகை உருக்கித் தடவி, ஆறவிட்டுச் சுரண்டி, பிரஷ் போடுவார்கள். நாளைக்கு எத்தனை டிகிரி என்பதைப் பொறுத்து மெழுகு மாறும். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு ராத்திரிக்கு ஸ்கீகள் சுவரோரம் வரிசையாக, வண்ணான் துறைத் துணி மாதிரி குவிந்திருக்கும்.

இந்த மெழுகுக்கும் ஒரு வரலாறு உண்டு. பல வருஷங்கள், வேகத்துக்காக ஃப்ளோரின் கலந்த மெழுகு புழங்கியது. சூடாக்கும்போது எழுகிற புகையைச் சுவாசிப்பது யார்? போட்டியாளர் அல்ல, மேசைக்காரர். ஸ்கேண்டிநேவியாவில் தொழில்முறை மெழுகுக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, எளிதில் சிதையாத அந்த ரசாயனங்கள் பொதுமக்களிடம் இருப்பதைவிடப் பல மடங்கு இருந்தன. சர்வதேச ஸ்கீ சம்மேளனம் போட்டிகளில் இதற்கு முழுத்தடை கொண்டுவர 2023-24 சீசன் வரை ஆனது.

மேசைக்கு முன்கட்டில் வாடகைக் கவுன்ட்டர். அங்கே உண்மையான பொறுப்பு பைண்டிங்கில் இருக்கிறது. பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் இந்தப் பொறி, விழும்போது சரியான விசையில் விடுபட வேண்டும். சீக்கிரம் விட்டால் வேகத்தில் தூக்கி எறியும், விடாவிட்டால் கால் முறியும். ஒரு காலத்தில் விடவே விடாது. 1937இல் போர்ட்லண்டைச் சேர்ந்த யால்மர் வாம், மவுண்ட் ஹூட் மலையில் விழுந்து கால் உடைந்தது. மயக்கமருந்து தெளிகிறபோது படுக்கையில் கிடந்தபடியே விடுபடும் பைண்டிங் ஒன்றை வரைந்தார் என்பது அவர் சொன்ன கதை. அதைச் செய்து விற்றார். ஸ்கீ கடையும் வைத்திருந்தார். இன்றைக்கு எடை, உயரம், வயது, பூட்ஸ் அடி நீளம், எப்படிப்பட்ட ஸ்கீக்காரர் என்று ஐந்து விவரம் வைத்து அட்டவணையில் ஓர் எண்ணைப் பிடித்து, திருகாணியால் அதை அமைக்க வேண்டும். தயாரிப்பாளரின் பயிற்சியும் சான்றும் இல்லாதவர் அதைத் தொடக்கூடாது. வாடிக்கையாளர் எடையைக் குறைத்துச் சொல்வார், திறமையை ஏற்றிச் சொல்வார். இரண்டும் தெரிந்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி சிரித்தபடி படிவத்தில் எழுதிக்கொள்வாள். முட்டு எலும்பு அவள் கையில் இருக்கிறது.

சீசன் என்றால் நவம்பர் கடைசியில் நன்றி கூறும் நாளை ஒட்டித் தொடங்கி, கிறிஸ்துமஸில் மூச்சு முட்டி, ஜனவரியில் ஆறி, பிப்ரவரியில் அதிபர்கள் தின நீண்ட விடுமுறையில் திரும்பவும் முட்டி, மார்ச்சில் கல்லூரிக் கூட்டம் வந்து, ஏப்ரலில் சகதியாக முடிகிற ஒன்று. கூட்டமும் பனியும் ஒன்றாக வந்தால் கதவின் அறிவிப்பு செல்லாது. எட்டு அங்குலம் விழுந்த காலையில்தான் எல்லோருக்கும் அகல ஸ்கீ வாடகைக்கு வேண்டும்.

அந்த அகல ஸ்கீதான் இந்தக் கதையின் திருப்பம். பழைய நாள் ஸ்கீ நீளம், ஒடுக்கம். பவுடரில் மூழ்கும். அதில் மிதந்து திரும்ப வருஷக்கணக்கான பழக்கம் வேண்டும். அதாவது டிக்கெட் வாங்கிய விருந்தாளிக்கு ஆழப்பனி ஒரு தொல்லை. அவர் அழுத்திச் சமப்படுத்திய பாதையிலேயே போவார். விருந்தாளி தொடாத மிச்சம்தான் வேலைக்காரனின் கூலியாக இருந்தது. 1980களின் இறுதியில் ஆஸ்திரியாவின் அடாமிக் கம்பெனியில் ரூபர்ட் ஹூபர், ஸ்னோபோர்டை நெடுக்காக அறுத்தால் என்ன என்று யோசித்துத் தடித்த ஸ்கீ ஒன்றைக் கொண்டுவந்தார். கனடாவின் ஹெலிகாப்டர் ஸ்கீ கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம். வயதான பணக்கார வாடிக்கையாளர்கள் திடீரென்று மிதந்தார்கள். ஊர்ப் பயல்கள் கேலி செய்தார்கள். பிறகு ஷேன் மக்கான்கி, நீர்ச்சறுக்குப் பலகையை அலாஸ்காவின் பனியில் மாட்டி இறங்கிப் பார்த்தவர், முனைகள் மேல்நோக்கி வளைந்த ஒரு ஸ்கீயை வடிவமைத்தார். 2002 வாக்கில் அது கடைக்கு வந்தது. கேலி நின்றது. இன்று வாடகைக் கடையிலேயே இடையில் 100 மில்லிமீட்டருக்கு மேல் அகலமுள்ள ஸ்கீ கிடைக்கிறது. இரண்டு நாள் பயிற்சி இருந்தால் போதும், யாரும் பவுடரில் இறங்கலாம். அப்படியே எல்லோரும் இறங்கினார்கள். மதியம்வரை மிஞ்சிய சரிவு பத்து மணிக்குள் கோடு கோடாகிவிடுகிறது.

அந்த ஸ்கீயைத் தீட்டி, மெழுகு போட்டு, பைண்டிங் அமைத்து, 'இன்னிக்கு மேல செம பனி சார்' என்று கையில் கொடுத்தது அதே மேசைக்காரன்தான். தன் கூலியில் பாதியைக் கவுன்ட்டர் வழியாகத் தானே எடுத்துக் கொடுத்தான். யாரையும் குறை சொல்ல முடியாது. பவுடர் ஒரு சிலருக்கே உரியதாக இருக்க வேண்டும் என்று வாதிடுவது அழகும் அல்ல. பழைய ஸ்கீ பம்களில் கணிசமானவர்கள், தோற்றால் திரும்பிப்போக வசதியான வீடு வைத்திருந்த வெள்ளைக்காரப் பையன்கள். ஆனால் கூலியின் ஒரு பகுதி காணாமல் போனபோது அதை ஈடுகட்ட டாலர் பகுதி ஏறியிருக்க வேண்டும் இல்லையா? அங்கேதான் சிக்கல்.

2008இல் வெயில் ரிசார்ட்ஸ், பல மலைகளுக்கு ஒரே சீசன் பாஸை 579 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அதற்கு முன் வெயில் மலைக்கு மட்டும் பாஸ் ஆயிரம் டாலரைத் தாண்டும். 2018இல் போட்டிக் கம்பெனியும் தன் பாஸோடு வந்தது. கம்பெனிக்கு இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. பனி விழுகிறதோ இல்லையோ, இலையுதிர்காலத்திலேயே காசு கைக்கு வந்துவிடும். வேலைக்காரனுக்கு நடந்தது வேறு. இலவச சீசன் பாஸ் அவன் கூலியின் கண்கூடான பகுதியாக இருந்தது. அதன் கடைவிலையே இறங்கிவிட்டது. 2010இல் வெயில், கொலராடோவில் பல கடைகள் வைத்திருந்த சில்லறை நிறுவனத்தையும் முழுமையாகத் தனதாக்கிக்கொண்டது. முதலாளியும் கூட மலையேறுகிற கடையில்தான் மதியம் திறக்கும் வழக்கம் நடக்கும். கம்பெனிக் கடைக்கு எட்டு மணி என்றால் எட்டு மணி.

வீடு இன்னொரு கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். மலையூர் வீடுகள் வருஷத்தில் மூன்று வாரம் வந்து தங்குகிறவர்களிடமும் நாள்வாடகை இணையதளங்களிடமும் போய்விட்டன. மணி நேரம் கார் ஓட்டி வேலைக்கு வருகிறார்கள். கொலராடோவின் சில ஊர்களில் வேலை பார்க்கிறவர்கள் ராத்திரி காரிலேயே தூங்க அனுமதித்த பார்க்கிங் இடங்கள் இருக்கின்றன. மில்லரின் டிரெய்லர் நின்ற மாதிரியான இடம்தான், படம் மட்டும் யாரும் எடுப்பதில்லை. ராக்கி மலை மாநிலங்களின் தற்கொலை விகிதம் நாட்டின் சராசரியைவிட அதிகம், ஏப்ரலில் காலியாகும் ஊர்களில் இதைப் பற்றி இப்போதுதான் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். கவுன்ட்டரில் நிற்பவர்களும் மாறிவிட்டார்கள். பெருவிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் கல்லூரி மாணவர்கள், அவர்களுடைய கோடை விடுமுறையில், தற்காலிக விசாவில் வருகிறார்கள். பலர் அனுப்ப வேண்டிய பணத்தைக் கணக்குப் போட்டு வந்தவர்கள். 'பனிக்குத்தானே வந்த?' என்று அவர்களிடம் கேட்க முடியாது.

2024 டிசம்பர் 27 அன்று, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே, யூட்டாவின் பார்க் சிட்டியில் சுமார் 200 ஸ்கீ ரோந்துக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காலையில் பனிச்சரிவை வெடிவைத்து இறக்கி, மலையைத் திறந்துவிடுகிறவர்கள் இவர்கள். அவர்கள் இல்லாமல் மலையின் பெரும்பகுதி மூடிக்கிடந்தது. லிஃப்ட் வரிசைகளின் வீடியோ உலகம் சுற்றியது. தொடக்கக் கூலியை மணிக்கு 21 டாலரிலிருந்து 23 ஆக்க வேண்டும் என்பது கோரிக்கைகளில் ஒன்று. மணிக்கு இரண்டு டாலர். ஜனவரி 8 அன்று கம்பெனி இறங்கிவந்தது. அனுபவசாலிகளுக்கு அதைவிடக் கூடுதலான உயர்வும் கிடைத்தது.

அது ரோந்துக்காரர்களின் சங்கம், அவர்களுக்கான ஒப்பந்தம். வாடகைக் கவுன்ட்டரும் பின்கட்டு மேசையும் அதில் சேராது. மூடிய மலையைப் பார்த்துக் கொதித்து ஸ்கீயைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களுக்கு அந்தப் பதிமூன்று நாளும் கவுன்ட்டரில் பதில் சொல்லிக்கொண்டு நின்றது அவர்கள்தான்.